தகப்பனும் பிதாவும்

தெய்வத்தைத் தந்தையென்று விளிக்கும் வழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. அம்மையப்பன் என்று இறைவனை ஏத்தி உருகிய அடியார்கள் பிறந்த தமிழ்நாட்டில் இதை விரித்துரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. படைத்தவன், காப்பவன், பசி அறிந்து உணவளிப்பவன் என்ற கருத்தில் எந்தப் பக்தனும் கடவுளைத் தகப்பனென்று அழைக்கலாம். கிறிஸ்தவ வேதம் இவ்விஷயத்தில் கூறுவது அதனின்றும் சற்று வேறானது. நாசரேத்தூர் இயேசு தம் ஜெபங்களில் கடவுளை எவ்விதம் அழைத்தாரோ, அவ்விதமே அழைக்கும் சுதந்தரத்தைத் தம் சீஷர்களுக்கும் அவர் பகிர்ந்தளித்தார் என்பதும், சுபாவத்தால் நமக்கு இல்லாத பிள்ளையென்னும் உரிமை அவர் நிமித்தமாகவே நமக்குக் கிடைத்தது என்பதுமே அப்போஸ்தலர்களின் போதனை. ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் இதைப் புத்திரசுவிகாரம் என்கிறார். ஆகவே கிறிஸ்தவன் பிதாவை அறிவது குமாரன் வழியாகவே. தன்னைப் பெற்ற தகப்பனை உற்றுப் பார்த்து, அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து சென்றல்ல.

இந்த வேறுபாடு வேதசாஸ்திரிகளுக்கு மட்டும் வேண்டிய நுட்பமென்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. தகப்பன் என்ற மாத்திரத்தில் ஓங்கிய கையும் சாராய நெடியும் நினைவுக்கு வருகிற ஒரு பெண்ணிடம், கடவுள் உன் தகப்பனைப் போன்றவர் என்று சொன்னால் அது அவளுக்குச் சுவிசேஷமாகுமா? அவளுடைய தயக்கத்தைப் பாவமென்று கடிந்துகொள்ள எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. இதே இடத்தில்தான் நாஸ்திகரின் வாதமும் வந்து நிற்கிறது. மனிதன் தன் சுபாவத்தையே பெரிதாக்கி அதற்குக் கடவுளென்று பெயரிட்டான் என்று 1841-ல் ஃபொயர்பாக் எழுதினார். குழந்தைப் பருவத்தில் நாம் அஞ்சியும் நாடியும் நின்ற தகப்பனின் நிழலே கடவுளென்று 1927-ல் ஃப்ராய்ட் வாதித்தார். அவ்வழியில் வந்த எரிக் எரிக்ஸன் என்ற மனோதத்துவ அறிஞர், 1958-ல் மார்ட்டின் லுத்தரின் இளமையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அந்தத் துறவியை வாட்டிய கடவுளின் கோபத்தில் அவருடைய தகப்பன் ஹான்ஸின் முகச்சாயலைக் காட்ட முயன்றார். அனுதாபத்தோடு எழுதப்பட்ட நூல் அது; அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆயினும் ஒரு மனிதன் தன் தகப்பனோடு கொண்ட உறவின் கதையை அவனுடைய இளமையிலேயே முடித்துவிட முடியாது. ஹான்ஸ் காலமானபோது லுத்தருக்கு வயது 46. அவரே அப்போது பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த முழு வாழ்க்கையையும் பார்த்தால், நிழலென்றும் நிஜமென்றும் நாம் எதைச் சொல்கிறோமோ அது தலைகீழாகிவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

துரிங்கியாவைச் சேர்ந்த குடியானவக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹான்ஸ், மான்ஸ்ஃபெல்ட் நகரத்துச் செப்புச் சுரங்கத் தொழிலில் புகுந்து, உருக்கும் உலைகளைக் குத்தகைக்கு எடுத்து, உடலுழைப்பால் உயர்ந்தவர். கண்டிப்பானவர். ஒருமுறை தகப்பன் அடித்த அடியில் தாம் அவரை வெறுத்து விலகியதை லுத்தர் பிற்காலத்தில் தம் வீட்டு உணவு மேசையில் சொல்லியிருக்கிறார். பலரும் எடுத்துக்காட்டுவது இவ்வளவைத்தான். அதே மூச்சில் அவர் சொன்ன மற்றொன்று உண்டு: மகனை மறுபடியும் தம்மோடு பழக்கிக்கொள்வதற்காக அந்த முரட்டு மனிதர் பெரும்பாடு பட்டார் என்பது. அடித்த கை எல்லாருக்கும் தெரிகிறது. அடித்தபின் மகனின் மனத்தைத் தேடித் தவித்த தகப்பனை அந்த மகன்தான் நினைவில் வைத்திருந்தான்.

மகன் சட்டம் பயின்று, நல்ல இடத்தில் விவாகம் செய்து, குடும்பத்தை உயர்த்துவான் என்பது ஹான்ஸின் சங்கற்பம். 1505 ஜூலை 2-ஆம் நாள் எர்ஃபர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்டாட்டர்ன்ஹைம் என்ற ஊரருகே இடியும் மின்னலும் சூழ்ந்தபோது, சுரங்கத் தொழிலாளர் வணங்கும் புனித அன்னாளைக் கூவி, தாம் துறவியாவதாக மார்ட்டின் நேர்ந்துகொண்டார். இரண்டு வாரங்களில் அகஸ்தீனியர் மடத்தின் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. தகப்பனின் கோபத்துக்கு அளவில்லை.

1507 மே 2-ஆம் நாள் அவர் முதன்முறையாகப் பூசை செய்தபோது நடந்ததை நினைக்கையில் எனக்கு எப்போதும் மனம் கனக்கிறது. மிகுந்த தயையுள்ள பிதாவே என்று கடவுளை நேர்முகமாக விளித்துப் பேச வேண்டிய ஜெபம் அது. இத்தனை மகத்துவம் உள்ளவரிடம் புழுதியாகிய நான் எப்படிப் பேசுவேன் என்று அவர் நடுங்கி, பீடத்தை விட்டே ஓடிவிட நினைத்தார். பூசை முடிந்து விருந்துக்கு வந்தால் அங்கே மற்றத் தகப்பன் அமர்ந்திருந்தார்: இருபது குதிரைகளோடு பரிவாரமாக வந்து, மடத்துக்கு இருபது கில்டர் காணிக்கையும் அளித்த ஹான்ஸ். வானத்துப் பயங்கரமே தம்மை அழைத்ததென்று மகன் சமாதானம் சொன்னார். அது பிசாசின் மாயமாக இராதிருக்கட்டும், தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டுமென்ற கற்பனையை நீ படித்ததில்லையா என்று தகப்பன் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். ஒரே நாளில், பரலோகத்திலிருந்த பிதாவின் முன்னும் நிற்க முடியவில்லை. பந்தியிலிருந்த தகப்பனின் முன்னும் நிற்க முடியவில்லை.

அந்தத் திகிலெல்லாம் ஹான்ஸிடமிருந்து வந்ததென்று சொல்வது நியாயமாகாது. வானவில்லின்மேல் நியாயாதிபதியாக வீற்றிருக்கும் கிறிஸ்துவையே அக்காலத்துச் சிற்பிகளும் பிரசங்கிகளும் ஜனங்களின் கண்முன் நிறுத்தினார்கள். உபவாசத்தாலும் இரவு விழிப்பாலும் தேகத்தை வருத்தியும் தணியாத அந்தப் பயத்திலிருந்து லுத்தர் விடுபட்டதற்கு மடத்து மேலதிகாரியான ஸ்டௌபிட்ஸ் பெருங்காரணமானார். கடவுளின் இரகசியத் தீர்மானங்களை ஆராய்ந்து தவிப்பதை விட்டு, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்பு ரோமருக்கு எழுதின நிருபத்தைத் தியானிக்கையில், தேவநீதி என்பது நம்மைத் தண்டிக்கும் அளவுகோலன்று, விசுவாசிக்கிறவனுக்கு அருளப்படும் ஈவு என்பது அவருக்கு விளங்கியது. தகப்பனைப் போன்ற ஒருவரை வானத்தில் கற்பித்துக்கொண்டு அவர் தேறவில்லை. சிலுவையில் தொங்கினவரிடமிருந்தே பிதாவின் மனத்தை அறிந்தார்.

அப்படி அறிந்தபின் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நடந்ததுதான் இந்தக் கதையின் சாரம். தம் போதனைக்காக வோர்ம்ஸ் அரசியல் சபையில் சக்கரவர்த்தியின் முன் நின்றபின், வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லுத்தர், துறவற விரதங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலை 1521 நவம்பரில் தகப்பனுக்கே சமர்ப்பணம் செய்தார். முகவுரையே ஒரு கடிதம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பந்தியில் தகப்பன் கேட்ட கேள்வியை அவர் மறக்கவில்லை. அதைப்போல வேறெந்த மனிதனின் சொல்லும் தம் உள்ளத்தில் தைத்ததில்லை என்று எழுதுகிறார். நீங்கள் சொன்னது சரி, உங்கள் சம்மதமில்லாமல் நேர்ந்துகொண்டது சரியன்று என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. என்னை மடத்திலிருந்து மீட்க இன்னும் விரும்புகிறீர்களா என்று கேட்டு, கடவுள் உங்களை முந்திக்கொண்டு தாமே என்னை மீட்டுவிட்டார் என்று சொல்லி, என்மேல் உங்களுக்குள்ள அதிகாரம் பெரிது, என்னை அழைத்த கிறிஸ்துவின் அதிகாரம் அதிலும் பெரிது என்று தெளிவாக எழுதுகிறார். அடிமைத்தனமும் இல்லை, கலகமும் இல்லை. கேட்ட வாக்கியம் ஒவ்வொன்றும் உள்ளே ரணமாக இருந்தும், தகப்பனைக் குற்றஞ்சாட்டும் ஒரு சொல்லும் அதில் இல்லை.

பூமியிலே ஒருவனையும் பிதா என்று சொல்ல வேண்டாமென்று மத்தேயுவின் சுவிசேஷத்தில் இயேசு கூறுவது, பெற்றோரிடத்தில் பக்தி மிகுந்த நம் நாட்டவர் செவிக்குக் கொடூரமாகவே ஒலிக்கும். பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனையை அலட்சியம் செய்ததற்காகப் பரிசேயரைக் கண்டித்தவரும் அவரே என்பதால், இதை அவமதிப்புக்குக் கொடுத்த அனுமதியாகக் கொள்ள முடியாது. தகப்பனைக் கடவுளின் ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளை, ஒன்று அவருக்கு வாழ்நாளெல்லாம் அஞ்சி நடக்கும், அல்லது அவர் கடவுளாக இராத குற்றத்துக்காக அவரை வாழ்நாளெல்லாம் மன்னியாது. எந்த மனிதனும் தாங்கக்கூடாத அந்தப் பாரத்தைத் தகப்பன்மாரின் தோள்களிலிருந்து இறக்கிவைப்பதே அந்தக் கட்டளையின் கருணை என்பது என் துணிபு. அதன்பின் அவர் குறைவுள்ள ஒரு மனிதராகவும், தம் பிள்ளையைப் போலவே தாமும் ஒரு பிதாவின் தயவில் பிழைக்கிறவராகவும் கண்ணுக்குத் தெரிகிறார். அப்படித் தெரிந்தவரைத்தான் மனமார நேசிக்கவும் கனம்பண்ணவும் முடியும்.

1525-ல் லுத்தர் கத்தரீனாவை மணந்தார். அந்த விருந்துக்கு ஹான்ஸும் மனைவியும் மான்ஸ்ஃபெல்ட்டிலிருந்து வந்தார்கள். மறு ஆண்டு பிறந்த பேரப்பிள்ளை பாட்டனின் பெயரையே தாங்கினான்.

1530 பிப்ரவரியில், தகப்பன் நோயுற்றிருக்கும் செய்தி கேட்டு லுத்தர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தாமே வர இயலாதபடி பிரயாணம் ஆபத்தானது. இங்கே விட்டன்பர்க்குக்கே உங்களையும் அம்மாவையும் அழைத்துவர முடியுமா என்று பார்த்துவர ஆளனுப்பியிருக்கிறேன் என்று எழுதி, மரணத்தை எதிர்நோக்கும் முதியவருக்குப் போதகராகவும் மகனாகவும் ஆறுதல் கூறுகிறார். அந்தப் பிரயாணம் கூடிவரவில்லை. மே 29-ஆம் நாள் ஹான்ஸ் இறந்தார். சக்கரவர்த்தியின் தடையாணைக்கு உட்பட்டவராதலால் ஆக்ஸ்பர்க் சபைக்குச் செல்ல முடியாமல் லுத்தர் அப்போது கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தார். ஜூன் 5-ஆம் நாள் சிறுவயது நண்பரின் கடிதத்தில் செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், மறுநாள் தலையெடுக்க முடியாத அளவுக்கு அழுதார் என்று உடனிருந்த வைட் டீட்ரிக் என்ற மாணவர் கத்தரீனாவுக்கு எழுதினார். செய்தி வந்த அன்றே உடன் ஊழியரான மெலாங்க்தனுக்கு எழுதிய கடிதத்தில் லுத்தர் கூறுவதன் பொருள் இது: இரக்கங்களின் பிதா என்னை உண்டாக்கியது இந்தத் தகப்பன் மூலமாகவே, நான் இன்று எப்படி இருக்கிறேனோ அப்படி என்னைப் போஷித்து உருவாக்கியது இவருடைய வியர்வையின் மூலமாகவே.

எரிக்ஸனுக்கு நான் சொல்ல விரும்பும் மறுமொழி முழுவதும் இதில் இருக்கிறது. ஹான்ஸின் முகத்தை வைத்துக் கடவுளை அளந்தபோது லுத்தர் பீடத்தை விட்டு ஓட நினைத்தார். கிறிஸ்துவில் அறிந்த பிதாவின் முகத்தை வைத்து ஹான்ஸைப் பார்த்தபோது, உலைக்களத்தில் கருகிய அந்த மனிதரின் வியர்வை கடவுளின் போஷிப்பாகத் தெரிந்தது. எபேசியருக்கு எழுதின நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், வானத்திலும் பூமியிலுமுள்ள குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பெயர் பிதாவிடமிருந்தே வருகிறதென்று பவுல் முழங்காற்படியிட்டுச் சொல்வதும் இந்தத் திசையிலேயே செல்கிறது. ஆனால் எதிர்த்திசையிலும் வேதம் பேசுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். மீன் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்காத தகப்பனைக் காட்டி, அவனிலும் எவ்வளவோ மேலானவர் பிதா என்று இயேசுவே போதிக்கிறாரே என்பார். மெய்தான். எனினும் அந்தத் தகப்பன்மாரைப் பொல்லாதவர்கள் என்று அதே வாக்கியத்தில் அவர் குறிப்பிடாமல் விடவில்லை. நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் சிறு நன்மை பிதாவைச் சுட்டிக்காட்டலாம். அதுவும் இல்லாத வீட்டில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு வாசல் அடைபட்டுப் போகவில்லை, ஏனெனில் அவள் பிதாவை அறிய வேண்டியது தன் தகப்பனிடமிருந்து அன்று. தனக்கு நேர்ந்தது தகப்பன்மைக்கு விரோதமான அநீதியென்று அவள் உள்ளம் கொதிப்பதுகூட, மெய்யான தகப்பன்மை ஒன்று உண்டென்பதற்கு அவள் அறியாமலே அளிக்கும் சாட்சியல்லவா?

அந்தச் சாவுச் செய்தி வந்த பதினான்காம் நாள், அதே கோட்டையிலிருந்து, நான்கு வயது நிரம்பிய மகன் ஹான்ஸுக்கு லுத்தர் ஒரு கடிதம் எழுதினார். ஜெபம் செய்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பொன் அங்கி அணிந்து, மரத்தடியில் ஆப்பிளும் பேரிக்காயும் பொறுக்கி, பொற்கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய சிறு குதிரைகளில் ஏறி விளையாடும் ஒரு தோட்டத்தை அதில் வர்ணித்து, உன் தோழர்களும் அங்கே வரலாமென்று தோட்டக்காரர் சொன்னார் என்று எழுதுகிறார். இதை எழுதியவரும் எப்போதும் இளகிய தகப்பனாகவே இருந்தாரென்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் ஒருமுறை அதே மகன்மேல் சினந்து, தாய் பரிந்து பேசியும் கேளாமல், மூன்று நாள் அவனைத் தம் முன் வரவிடவில்லை என்று அவருடைய மேசைப்பேச்சுகளைக் குறித்துவைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் ஹான்ஸின் இரத்தம் அவரிலும் ஓடியது.

1542 செப்டம்பரில் பதின்மூன்று வயது மகள் மக்தலேனா மரணப்படுக்கையில் கிடந்தாள். இங்கே இந்த அப்பாவோடு இருக்க உனக்கு விருப்பம், அங்கே அந்தப் பிதாவிடம் போகவும் விருப்பந்தானே என்று லுத்தர் கேட்டார். கடவுள் சித்தம் எதுவோ அதுவே, அப்பா என்றாள் அவள். 20-ஆம் நாள், படுக்கையருகே முழந்தாளிட்டு அவர் கதறி அழுதுகொண்டிருக்க, அவர் கைகளில் உயிர் பிரிந்தது. நண்பர் யோனாஸுக்கு மூன்று நாள் கழித்து எழுதுகையில், நானும் என் மனைவியும் நன்றிசெலுத்தக் கடமைப்பட்டவர்கள், ஆனால் அழுகையில்லாமல் அது முடியவில்லை, கிறிஸ்துவின் மரணத்தை நினைப்பதுகூட இந்தத் துக்கத்தை முற்றும் அகற்றவில்லை என்று மறைக்காமல் எழுதுகிறார். பிதாவென்று கடவுளை அழைப்பவனுக்குத் துக்கம் வராதென்று போதிப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அதற்கு முன், மாற்குவின் சுவிசேஷத்தில் கெத்செமனேயைப் படிக்க வேண்டும். இயேசு அரமேய மொழியில் அப்பா என்று அழைத்ததை அந்தச் சுவிசேஷகன் பதிவுசெய்திருப்பது அந்த ஓர் இடத்தில்தான். அந்த இரவில்தான் அவர் கேட்டது கொடுக்கப்படவில்லை.

லுத்தர் 1529-ல் வெளியிட்ட சிறு ஞானோபதேசம், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்கும்பொருட்டு எழுதப்பட்டது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அதைத் தமிழில் பெயர்த்தார். அது முதல் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் கற்பனைகளையும் பரமண்டல ஜெபத்தையும் அதன் விளக்கங்களோடு மனப்பாடம் செய்து வளர்ந்திருக்கிறார்கள். நேசமுள்ள பிள்ளைகள் நேசமுள்ள தகப்பனைக் கேட்பதுபோலத் தைரியமாகக் கேட்கும்படி கடவுள் நம்மை அழைக்கிறார் என்பது அந்த ஜெபத்தின் முதல் வார்த்தைக்கு லுத்தர் தரும் கருத்து. 1507-ல் பீடத்தின் முன் நடுங்கியவர் எழுதிய விளக்கம் அது என்பதை மறந்துவிட்டு அதைப் படிக்கலாகாது.

அந்த ஞானோபதேசத்தைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தகப்பன்மார், தாங்கள் உபாத்தியாயர் என்று மட்டும் எண்ணிக்கொள்வதுண்டு. தாங்களும் புத்தி கேட்க வேண்டியவர்களே என்பதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் தகப்பன்மாருக்கும் எபேசிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் அடுத்தடுத்துப் புத்தி சொல்கிறார். பிள்ளையின் உயிரின்மேலும் தகப்பனுக்கு அதிகாரம் உண்டென்று ரோமாபுரியின் சட்டம் சொன்ன காலம் அது. அந்த நிருபம் சபையில் உரக்க வாசிக்கப்பட்டபோது, கீழ்ப்படியுங்கள் என்பதைப் பெரியவர்கள் கேட்டது போலவே, கோபப்படுத்தாதிருங்கள் என்று தங்கள் தகப்பன்மாருக்கு இடப்பட்ட கட்டளையைப் பிள்ளைகளும் கேட்டார்கள். நம் வீடுகளின் குடும்ப ஜெபத்திலும் இதுவே நடக்க வேண்டும். மாலையில் மகனைக் காரணமின்றி அடித்த தகப்பன், இரவில் அவனருகே முழங்காற்படியிட்டு, எங்கள் பிதாவே என்று அவனோடு சேர்ந்து தொடங்கி, கடன்களை மன்னிக்கும்படி கேட்கும் இடத்துக்கு வரும்போது, தன் தகப்பனும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் என்பது மகன் காதில் விழுகிறது. அந்த இடத்தைக் குரல் தாழாமல், அவசரப்படாமல், மகனுக்குக் கேட்கும்படி சொல்லும் தகப்பன் அந்த வீட்டின் அதிகாரத்தில் எதையும் இழந்துவிடுவதில்லை.